களவுக்கு ஈடு கொடுத்த காவல்: கேளம்பாக்கத்தை முன்னிட்டு ஒரு விசாரணை

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்றில், ஆநிரைப் பூசலில் பட்டு வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது மாமல்லபுரத்துக்குத் தன் பட்டப்பெயரைத் தந்த நரசிம்மவர்மன் அரியணை ஏறுவதற்கு முன்பே பொறிக்கப்பட்ட அந்தச் சாசனம், அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும், திருடர் இருவரைக் கடித்து அது காத்து நின்றதையும் சொல்கிறது. தமிழகத்தின் காவல் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் அரசாணைகளிலிருந்தோ சட்டப் புத்தகங்களிலிருந்தோ தொடங்குவது வழக்கம்; எனக்கென்னவோ இந்த நாயிடமிருந்து தொடங்குவதே உசிதம் என்று தோன்றுகிறது. காத்தது யார், யாருடைய பொருளைக் காத்தது, காவல் வழுவாமல் நின்றதா என்ற மூன்று விஷயங்களையும் அந்த ஊரார் அறிந்திருந்தார்கள். அறிந்ததைக் கல்லிலும் எழுதி வைத்தார்கள். இன்றைக்குக் கேளம்பாக்கம் சந்திப்பில் நின்றுகொண்டு இந்த மூன்று கேள்விகளையும் ஒருவன் கேட்பானேயானால், அவனுக்கு விடை சொல்லத்தக்கவர் கிடைப்பது துர்லபம்.

வடக்கே சிறுசேரி சிப்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, தெற்கே திருப்போரூர்க் கந்தசாமி கோயில், கிழக்கே உப்பளங்களையும் கழிமுகத்தையும் தாண்டினால் கோவளம், மேற்கே வண்டலூருக்குப் போகும் சாலை என்று நான்கு வேறு உலகங்களுக்கு நடுவே அமைந்த ஊர் அது. வருவாய்க் கணக்கில் திருப்போரூர் வட்டத்தையும், 2019 நவம்பர் 29இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்ந்தது. காவல் கணக்கிலோ, 2022 ஜனவரி முதல் தேதி தொடங்கிய தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்துக்குள் அடங்கியது. நெடுங்காலம் ஊராட்சியாகவே இருந்துவந்த ஓர் ஊர், தன் குப்பைக்கும் குடிநீருக்கும் கிராமமாகவும், தன் களவுக்கும் கொலைக்கும் மாநகரமாகவும் ஆகிவிட்டது. இந்த இரட்டை நிலையை நிர்வாக விநோதம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கிராமப் பாதுகாப்பு என்னும் பிரச்சினையின் வேர் இதிலேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

செங்கல்பட்டுச் சீமையின் பழைய காவல் முறையைப் பற்றி நாம் ஊகித்துப் பேச வேண்டிய அவசியமில்லை. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்த இந்தப் பிரதேசத்தில், 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஏறத்தாழ 2000 கிராமங்களைக் கணக்கெடுத்தார். வரலாற்றாய்வாளர் தரம்பால் கவனத்துக்குக் கொண்டுவந்த அந்தக் கணக்குகளையும், ஊர்க் கணக்கர் எழுதி வைத்த ஓலைகளையும், பின்னாளில் ஜே. கே. பஜாஜும் எம். டி. சீனிவாஸும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போதே, கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தச்சருக்கும் குயவருக்கும் வெட்டியானுக்கும் தலையாரிக்கும், இவர்கள் எல்லாருக்கும் மேலே நாட்டுக் காவலை ஏற்றிருந்த பாளையக்காரருக்கும், மேரை என்றும் சுவதந்திரம் என்றும் வழங்கிய பங்குகள் அளந்து ஒதுக்கப்பட்டன என்பது அந்த ஓலைகளால் விளங்குகிறது. காவற்காரனுக்குச் சம்பளம் தூரத்திலிருந்த ஒரு கஜானாவிலிருந்து வரவில்லை. அவன் காத்த பயிரிலிருந்தே வந்தது. ஊர் விளைந்தால் அவன் பத்தாயமும் நிறைந்தது.

இதற்கு மறுபக்கமாக ஒரு கடப்பாடும் உண்டு. காவல் எல்லைக்குள் களவு போன பொருளைக் காவற்காரன் மீட்டுத் தர வேண்டும். மீட்க முடியாவிட்டால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது தென்னாட்டில் பரவலாக வழங்கிய நியதி. ஓர் ஊரளவில் நின்றதை ஸ்தலகாவல் என்றும், பல ஊர்களை அணைத்து நின்றதைத் தேசகாவல் என்றும் கம்பெனியாரின் பழைய அறிக்கைகள் குறிக்கின்றன. இன்றைக்கு நம் வீட்டுப் பூட்டை உடைத்து நகையைக் கொண்டுபோனவன் அகப்படாவிட்டால் காவல் நிலையத்து ஆய்வாளர் தம் கைப்பொருளிலிருந்து நமக்கு ஈடு கொடுப்பார் என்று எண்ணிப் பார்க்கவே நகைப்பு வருகிறதல்லவா? அந்த நகைப்பிலேயே, இடையில் நடந்த மாறுதலின் பரிமாணம் தெரிந்துவிடுகிறது.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக வருணிக்கும் நோக்கம் எனக்கில்லை. காவற்கூலி கொடுக்க மறுத்த ஊரில் காவற்காரனே கன்றுகாலிகளை ஓட்டிக்கொண்டுபோவதும், துப்புக்கூலி என்ற பெயரால் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, தானே ஒளித்து வைத்த மாட்டைத் தானே கண்டுபிடித்துத் தருவதும், முக்கியமாக மதுரைப் பக்கத்தில், சர்வசாதாரணமாக இருந்தன. காவலும் கொள்ளையும் ஒரே கையில் இருந்தால் கூலி எதற்காகக் கொடுக்கிறோம் என்பது குடியானவனுக்கே மயங்கிப்போகும். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரிக்கு அந்தக் காவலால் என்ன பாதுகாப்புக் கிடைத்தது என்ற கேள்வியும் இருக்கிறது. காப்பதற்குச் சொத்து வைத்திருந்தவர்களின் சொத்தைத்தான் அது காத்தது. ஆயினும் ஒரு குணத்தை அதற்கு மறுக்க முடியாது: காவலில் பிசகு நேர்ந்தால் அதற்கு உத்தரவாதியாக, பெயர் சொல்லிக் கூப்பிடத்தக்க ஒருவன் அந்த ஊரிலேயே குடியிருந்தான்.

கம்பெனி ஆட்சி இந்த முடிச்சை மெல்ல மெல்ல அவிழ்த்தது. 1802இல் தாரோகா என்ற போலீஸ் அதிகாரிகளை வைத்துக் கொண்டுவந்த முறை நிலைக்கவில்லை. 1816இல் மன்றோவின் முயற்சியால் வந்த பதினோராம் ரெகுலேஷன் கிராமத் தலைவரையும் தலையாரியையும் மறுபடியும் போலீஸ் வேலைக்கு இழுத்தது. ஆனால் அவர்களுக்கு மேலே வரி வசூலிக்கும் தாசில்தாரையும் கலெக்டரையும் வைத்ததால், நிலவரிக்காக முதுகில் கல்லேற்றிய கையும், களவை ஒப்புக்கொள்ளச் சொல்லி விரலை நெரித்த கையும் ஒன்றாகவே போயின. 1855இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை இதை அம்பலப்படுத்திய பின்னர்தான், 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த தனிப் போலீஸ் இலாகா உருவாயிற்று. அயர்லாந்தின் ஆயுதப் போலீஸ் மாதிரியை ஒட்டியது அது: சீருடை, லாயம் போன்ற குடியிருப்பு, அடிக்கடி மாற்றல். ஊரோடு உறவுகொண்டால் போலீஸ்காரன் கெட்டுப்போவான் என்பது அந்த அமைப்பின் அடிப்படைச் சித்தாந்தம். அந்நிய அரசுக்கு அது பொருந்தியது. சுதந்திரம் வந்த பிறகும் அதை நாம் மாற்றவில்லை.

கேளம்பாக்கத்தைப் பொறுத்தவரை இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லாமல் போகக் கூடாது. 1805இல் சென்னை ராஜதானியில் உப்பைக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. கோவளம் கழிமுகத்தை ஒட்டிய இந்த மண்ணில், வெயிலில் தானாகப் பூத்த உப்பை ஒரு கை அள்ளுவதும் குற்றமாயிற்று. அதைத் தடுப்பதற்காக உப்பளங்களில் பியூன்கள் காவல் நின்றார்கள். மக்களுடைய பொருளை மக்களிடமிருந்தே காப்பதற்கு ஏற்பட்ட காவல் அது! 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் கடற்கரைக் கிராமத்தார் தம் உபயோகத்துக்கு உப்பெடுத்துக்கொள்ளச் சலுகை தரும்வரை இந்த விபரீதம் நீடித்தது. நான்கு தலைமுறைக்காலம் காவற்காரனைக் கண்டால் ஒளிந்துகொள்ளப் பழகிய ஜனங்கள், பின்னர் அவனிடம் தாமாகச் சென்று துப்புச் சொல்லத் தயங்கினார்கள் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஊர்க்காவலின் எச்சம் ஒன்று 1980 வரை நிலைத்திருந்தது. கிராம முன்சீப், கர்ணம், தலையாரி, வெட்டியான் ஆகியோர் பரம்பரையாகவோ பரம்பரைபோலவோ அந்தந்த ஊரிலேயே இருந்தார்கள். அயலூரான் ஒருவன் சத்திரத்தில் படுத்தாலும், ஏரிக்கரையில் பிணம் ஒதுங்கினாலும், முன்சீப்பின் ரிப்போர்ட்டு ஸ்டேஷனுக்குப் போயாக வேண்டும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பிறப்பித்த அவசரச் சட்டம், முன்சீப், கர்ணம் முதலிய 20,000க்கு மேற்பட்ட பகுதிநேரப் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. ஒழித்தது நியாயமே. சாதியின் பிடியிலும் மிராசுதார்களின் பிடியிலும் இருந்த அந்தப் பதவிகளால் ஏழைகள் அனுபவித்த துன்பம் கொஞ்சமன்று. ஆனால் அந்த இடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர், சான்றிதழ்களும் பட்டா மாறுதல்களுமாகத் தலைக்கு மேல் வேலை உள்ளவர். வேறூரிலிருந்து வந்து போகிறவரும் உண்டு. ஓர் ஊரின் நினைவு என்று சொல்லத்தக்க பொருள் அந்த நவம்பர் மாதத்தோடு ஓய்வுபெற்றுவிட்டது.

எஞ்சியிருந்த அறிமுகத்தைச் சாலை கொண்டுபோயிற்று. பழைய மாமல்லபுரம் சாலை 2008இல் ராஜீவ் காந்தி சாலையாகி, சிறுசேரிவரை ஆறு தடங்களாக அகன்றபோது, உப்பளமும் பனங்காடும் நெல்வயலுமாக இருந்த ஊர்களில் அடுக்குமாடிகளும் விடுதிகளும் கல்லூரிகளும் எழுந்தன. அவற்றைக் கட்ட வந்த பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளிகளும், அவற்றில் குடியேறிய பொறியாளர்களும், நிலத்தை விற்றுவிட்டுத் தம் ஊரிலேயே அந்நியரான பூர்வ குடிகளும் ஒரே சாலையில் ஒருவரையொருவர் பாராமல் நடக்கத் தொடங்கினார்கள். 2014 பிப்ரவரியில், சிறுசேரியில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர் இரவு வேலை முடிந்து அலுவலகத்தைவிட்டு வெளியேறிய பின் காணாமற்போனார். ஒன்பது நாட்களுக்குப் பிறகு, அந்த வளாகத்துக்கு அருகிலேயே புதருக்குள் அவருடைய உடல் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் தினந்தோறும் கடந்துபோகும் இடம் அது. நூறு கூரை வீடுகள் மட்டும் உள்ள ஒரு குக்கிராமத்தில் ஒரு பெண் இரவு வீடு திரும்பாவிட்டால், விடிவதற்குள் அரிக்கேன் விளக்கோடு பத்துப் பேர் ஏரிக்கரையைச் சுற்றித் தேடுவார்கள். கூட்டம் பெருகியதனால் கண்கள் பெருகவில்லை.

இதற்குப் பரிகாரமாக நமக்குக் கிடைத்திருப்பது கண்காணிப்புக் காமிரா. சென்னையில் 2017க்குப் பிறகு ‘மூன்றாவது கண்’ என்ற பெயரோடு பரவிய இந்த இயக்கம் பல வழக்குகளைத் துலக்க உதவியிருக்கிறது. அதை இகழ்வது நன்றிகேடு. ஆனால் காமிரா நடந்ததைச் சொல்லுமேயன்றி, நடக்கவிருப்பதைத் தடுக்க ஓர் அடி எடுத்துவைக்காது. தெருவிளக்கு எரியாத இடத்தில் அதற்கும் மாலைக்கண். அன்றியும், கேட்டும் கம்பிவேலியும் காவலாளியுமாக உள்ள குடியிருப்புகள் தம் மதிலுக்குள் வாங்கிக்கொள்ளும் பாதுகாப்பு, மதிலுக்கு வெளியே அந்தக் காவலாளி நடந்து வீடு திரும்பும் இருட்டுப் பாதைக்குச் சேர்வதில்லை.

அப்படியானால் பழைய அறிமுகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதுமா என்று கேட்டால், அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிடக் கூடாது. ஊரின் அறிமுகம் என்பது அகத்தாரை அறிவதைப் போலவே புறத்தாரைச் சந்தேகிப்பதையும் தன்னுள் அடக்கியது. 1911இல் சென்னை ராஜதானிக்கும் விரிந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல் இங்கே ரத்தாயிற்று. அந்தச் சட்டம் விதைத்த எண்ணம் ரத்தாகவில்லை. செங்கல்பட்டுச் சீமையின் இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சுதான், நாடெங்கும் பாம்புக்கடிக்கு மருந்தாகி உயிர் காக்கிறது. அப்படிப்பட்டவர்களே, ஊரில் ஓர் ஆடு காணாமற்போனால் முதலில் விசாரிக்கப்படுகிறவர்கள். அவர்களுக்கு இழைக்கப்படும் குற்றமோ ஊரின் கண்ணில் குற்றமாகவே படுவதில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் களங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேர் கொத்தடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டபோது, மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து கும்பிட்ட படம் பத்திரிகைகளில் வந்தது. 1976லேயே சட்டம் ஒழித்த ஒரு வழக்கம், சுற்றுவட்டாரத்துக்குத் தெரியாமலா அத்தனை காலம் நடந்தது?

இதைவிடக் கொடிய உதாரணம் 2018 மே மாதத்தில் நடந்தது. குழந்தை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வம் கோயிலைத் தேடிக் காரில் சென்ற சென்னைக் குடும்பம் ஒன்றை ஊரே திரண்டு அடித்தது. அதில் ஒரு மூதாட்டி மாண்டார். அதே நாட்களில் பழவேற்காட்டில், வீடு வாசலற்ற ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அடித்தவர்கள் எல்லாரும் தம் மனத்தில் ஊர்க்காவல்தான் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே விழிப்புக்குக் குறைவில்லை. வந்தவர் யார் என்று விசாரித்து, இன்னார் என்று உறுதி சொல்லி, கூட்டத்தை நிறுத்தும் அதிகாரமும் பொறுப்பும் உள்ள ஒருவர் அந்தத் தெருவில் இல்லை.

இதற்கு நேர் எதிரான நோய் ஒன்றும் உண்டு. அது தெரிந்தும் சொல்லாமை. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்தில் சித்தாமூர் வட்டாரத்திலும், மெத்தனால் கலந்த விஷச்சாராயத்தைக் குடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தொழிற்சாலை உபயோகத்துக்கான மெத்தனாலே கிராமத்துச் சாராய வியாபாரிகளின் கைக்கு வந்திருந்தது என்று காவல்துறை கண்டது. பல காவலர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் அதே விதமாக மடிந்தார்கள். வாங்கிக் குடித்தவர்கள் இத்தனை பேர் என்றால், எந்த வீட்டில், எந்த நேரத்தில், யார் விற்கிறார் என்பது ஊருக்குத் தெரியாத ரகசியமாக இருந்திருக்க முடியாது. ஆனாலும் யாரிடம் போய்ச் சொல்வது? விற்கிறவன் அடுத்த தெருக்காரன், ஒருவேளை உறவினன். கேட்கிறவன் நாளைக்கு மாற்றலாகிப் போகிறவன். சொன்னவன் பெயர் மாலைக்குள் விற்கிறவன் காதுக்கு எட்டாது என்பதற்கு யார் ஜாமீன்? துப்புச் சொல்வதன் நஷ்டம் சொல்கிறவன் தலையில் விழுகிறது. சொல்லாததன் நஷ்டம் ஊர் முழுவதிலும் பரவி எவருக்கும் தனியாக உறைப்பதில்லை, சாவு விழும்வரை.

கடற்கரையில் இந்தக் கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. கோவளம் தொடங்கித் தெற்கே போகும் குப்பங்களில் மீனவ பஞ்சாயத்து இன்றும் ஜீவனுள்ள ஸ்தாபனம். வலைத் திருட்டு, அடிதடி, எந்த வலையைக் கடலில் விடலாம் எதை விடக் கூடாது என்பனவற்றை அது விசாரித்து அபராதம் போடுகிறது. டச்சு ஆய்வாளர் மார்ட்டின் பாவிங்க் 2001இல் வெளியிட்ட நூலில் சோழமண்டலக் கரையின் இந்த ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்தப் பஞ்சாயத்தின் உறுதி நிலைப்பதற்குக் காரணம், தீர்ப்புச் சொல்கிறவனும் கேட்கிறவனும் மறுநாள் விடியலில் ஒரே கரையிலிருந்து படகு தள்ள வேண்டியிருப்பதே. அதன் குறையும் அங்கேயே இருக்கிறது: கட்டுப்படாத குடும்பத்தை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது சட்டத்துக்கு விரோதம்; பெண்கள் அந்தச் சபையில் உட்காருவது அபூர்வம்; ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை அபராதத்தால் சமாதானப்படுத்தி மூடிவிடும் அபாயம் எப்போதும் உண்டு.

இந்த அனுபவங்களையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது, புதிதாகச் சட்டம் இயற்றுவதற்கு முன் இருக்கிற சட்டத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது என்று தோன்றுகிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 34ஆம் பிரிவும், கிராமத்தில் திருட்டுச் சொத்து வாங்குவோர், கொள்ளையர் நடமாட்டம், சந்தேகமான மரணம் முதலியவற்றை உடனே தெரிவிக்கும் கடமையைக் கிராம அலுவலர்களுக்கு விதிக்கின்றன. அந்தச் சொல்லுக்குள் ஊராட்சி உறுப்பினரையும் வெளிப்படையாகச் சேர்க்கின்றன. தேர்தலில் வென்ற எத்தனை வார்டு உறுப்பினர்களிடம் இந்தக் கடமையை யாரேனும் எடுத்துச் சொல்லியிருப்பார்கள்? தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூட வேண்டும். அந்தச் சபைகளில், எரியாத விளக்கு எது, எந்த மனு எத்தனை நாள் கிடக்கிறது, எந்தக் களவு துலங்கியது, எது துலங்கவில்லை என்று நிலைய அதிகாரி எழுந்து கணக்குச் சொல்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. உத்திரமேரூர்ச் சபையார் 919இலும் 921இலும் வெட்டி வைத்த விதிகளில், பிறர் பொருளைக் கவர்ந்தவனோடு, கணக்குக் காட்டாதவனையும் வாரியத்துக்கு ஆகாதவன் என்று விலக்கியது நினைக்கத்தக்கது.

தொண்டர்களை வைத்துச் செய்யலாமே என்றால், அதற்கும் நமக்குப் பாடம் உண்டு. 1993இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் தொடங்கிய ‘போலீஸ் நண்பர்கள்’ இயக்கம் நல்லெண்ணத்தில் பிறந்து மாநிலமெங்கும் பரவி, 2020இல் சாத்தான்குளத்துக் காவல் மரணங்களை அடுத்து எழுந்த கொந்தளிப்பில் தடைபட்டது. தொண்டனுக்கு லத்தியின் நிழல் கிடைத்தது. அதற்குரிய விசாரணையும் தண்டனையும் கிடைக்கவில்லை. பழைய காவற்காரனின் கேட்டையே அங்கேயும் பார்க்கிறோம்.

ஜப்பானில் சூசாய்ஷோ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. கிராமத்தின் நடுவே ஒரு சிறு வீடு. முன்னறை காவல் நிலையம், பின்கட்டு காவலரின் குடும்பம் வசிக்கும் இடம். வீடு வீடாகச் சென்று இன்னார் இன்னார் என்று விசாரித்துக் குறித்துக்கொள்வதும் அவர் வேலையில் சேர்ந்தது. சந்தேகப்படுவதற்காக அல்லாமல் அறிந்துகொள்வதற்காகக் கதவைத் தட்டும் காவலர் கேளம்பாக்கத்தில் இருந்தால், தையூரில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரரும் திருப்போரூர்ப் பக்கத்து இருளரும் அவருக்குப் பெயரால் தெரிந்திருப்பார்கள். தமக்குக் குற்றம் நேர்ந்தாலும் போய்ச் சொல்ல ஓர் ஆள் அவர்களுக்கு இருக்கும். நகையையும் நிலத்தையும் மட்டுமல்லாமல் கூலியையும் காக்கும் காவல் அதுவாக இருக்கலாம்.

அப்படி ஒரு காவலரை ஊருக்குள் குடியமர்த்த யோசிக்கும்போது, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியே போகிறவர்களுக்குக் கண்ணில் படும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. அந்தச் சாலைப் பக்கத்து மேலக்கோட்டையூரில், 1981இல் தோன்றிய தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் காவல்துறையினருக்கென்றே பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் புறாக்கூண்டு போன்ற லைன் வீடுகளில் அவதிப்பட்ட குடும்பங்களுக்கு அது அவசியமான வசதி. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. காலையில் அவர்கள் அங்கிருந்து தத்தம் ஸ்டேஷன்களுக்குப் புறப்பட்டுப் போய், இரவில் அங்கேயே திரும்பி வந்து, ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்களாக வாழ்கிறார்கள்.